உலோகம் காட்டும் கருவி: பழகும் விதமும் பயப்பட வேண்டிய இடமும்



இந்த முறை பாடம் கொஞ்சம் வித்தியாசமானது. மண்ணுக்குள் கிடக்கும் இரும்பையும் செம்பையும் சத்தம் போட்டுக் காட்டும் கருவியைப் பற்றியது. இதை டிடெக்டர் என்று சொல்வார்கள். "தேயிலை மலைக்கும் இதுக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று நீங்கள் கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது.

1958, 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு நம் தோட்டங்களிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறின. அங்கே யுத்தம் நடந்த மண்ணிலேயே அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்தார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் இன்று மிதிவெடி அகற்றும் வேலை செய்கிறார்கள். மலையிலிருந்தும் இளசுகள் வேலை தேடி வடக்கே போகிறார்கள். அதோடு, வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்த சின்ன டிடெக்டரை வைத்துக்கொண்டு புதையல் தேடும் ஆசையும் அங்கங்கே தலைதூக்கியிருக்கிறது. ஆகவே இந்தக் கருவி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டும்.

அச்சுவேலி வாசலில் படித்த பாடம்

என் சின்னம்மா குடும்பம் 1977இல் தோட்டத்தை விட்டுக் கிளிநொச்சிக்குப் போனது. சின்னம்மாவின் மகளைக் கட்டிக்கொடுத்தது அச்சுவேலியில். யாழ்ப்பாணத்திலிருந்து கோப்பாய், நீர்வேலி, புத்தூர் வழியாகப் பருத்தித்துறை வீதியில் போனால் அச்சுவேலி வரும். நல்ல செம்மண் பூமி. வெங்காயம், புகையிலை, பனை என்று பார்க்கவே பசுமை. தங்கச்சி பல வருஷமாக முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றும் வேலையில் இருக்கிறாள். கிழமை நாட்களில் முகாமில் தங்கிவிட்டு ஓய்வு நாளில்தான் வீட்டுக்கு வருவாள்.

நான் போயிருந்த அன்று பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒரு டிடெக்டரைக் கையில் பிடித்தபடி வந்தார். வெளிநாட்டிலிருந்து வந்த மருமகன் விட்டுப்போனதாம். படிப்பவர்களுக்கான சாதாரணக் கருவி.

"பிள்ளை, 1990இல நாங்கள் ஊரை விட்டு வெளிக்கிடேக்க அம்மா தன்ர நகையளை ஒரு தகரப் பெட்டீல போட்டுக் கிணத்தடியில தாட்டவ. இப்ப காணியை விட்டிட்டாங்கள். ஒருக்கா வந்து இதால பாத்துத் தாவன்" என்றார்.

அவருடைய ஊர் பலாலிப் பக்கம். 1990இல் அங்கிருந்து சனங்கள் இடம்பெயர்ந்த பிறகு அந்த நிலமெல்லாம் உயர் பாதுகாப்பு வலயமாகிவிட்டது. 2009க்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தார்கள். அச்சுவேலிக்கு அடுத்திருக்கும் வளலாயில் 2015 மார்ச்சில் காணிகள் திருப்பிக் கொடுக்கப்பட்டன. பெரியவரின் காணி அதற்குப் பிறகு கிடைத்ததாம்.

தங்கச்சி உடனே ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. "ஐயா, முதல்ல இந்த மெஷின் என்ன செய்யுமெண்டு உங்களுக்குக் காட்டுறன். பிறகு கதைப்பம்" என்றாள். என்னையும் கூப்பிட்டாள். அவர்கள் பல வருஷமாக மண்வெட்டியால் கொத்திப் பயிர் வைக்கிற வீட்டு வாசல் அது. அந்த மண்ணில் பயமில்லை என்று தெரிந்த பிறகுதான் பாடத்தைத் தொடங்கினாள்.

கருவி எப்படி வேலை செய்கிறது?

மலையில் நின்று "ஓய்" என்று கூப்பிட்டால் எதிர்மலை திருப்பிச் சொல்லும் அல்லவா? இதுவும் கிட்டத்தட்ட அப்படித்தான். கருவியின் அடியில் இருக்கும் வட்டத் தட்டுக்குள் செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி வைத்திருக்கிறார்கள். பேட்டரி மின்சாரம் அந்தச் சுருளில் மாறி மாறி ஓடும்போது சுற்றிலும் காந்தப் புலம் உண்டாகிறது. அது மண்ணுக்குள்ளும் இறங்கும். அங்கே ஒரு உலோகத் துண்டு இருந்தால் அதற்குள்ளே சிறு மின்சுழல்கள் பிறக்கும். அந்தச் சுழல்கள் திருப்பி அனுப்பும் சின்னப் புலத்தைக் கருவி பிடித்துக்கொண்டு சத்தம் போடும். கருவிக்குக் கண் கிடையாது. அது கேட்பது எதிரொலியை மட்டும்தான்.

பழகும் முறை

தங்கச்சி சொல்லிக்கொடுத்ததை அதே வரிசையில் எழுதுகிறேன்.

1. "மொதல்ல வளையல், மோதிரமெல்லாம் கழட்டுங்க அக்கா. போனை வீட்டுக்குள்ள வச்சிட்டு வாங்க." நம் உடம்பில் இருக்கும் உலோகத்துக்கும் கருவி பதில் சொல்லும். சப்பாத்தின் இரும்பு ஆணிக்குக்கூடச் சத்தம் வரும். போன் பக்கத்தில் இருந்தாலும் வீண் சத்தம் வரும். இன்னொரு டிடெக்டரும் கிட்ட இருக்கக் கூடாது.

2. கைப்பிடித் தண்டை உங்கள் உயரத்துக்குச் சரிசெய்யுங்கள். முதுகு குனியாமல், கை தொங்கியபடி, தட்டு நிலத்தோடு படுக்கையாக இருக்க வேண்டும். தட்டிலிருந்து வரும் வயரைத் தண்டில் இறுக்கமாகச் சுற்றுங்கள். ஆடும் வயராலும் பொய்ச் சத்தம் வரும்.

3. போட்டவுடன் உணர்திறனை நடு அளவில் வையுங்கள். நிறையக் கூட்டினால் ஆழமாகத் தேடும் என்று நினைப்பது பிழை. கூட்டக் கூட்ட வீண் சத்தமும் கூடும்.

4. அடுத்தது மண்ணுக்குப் பழக்குவது. சுத்தமான ஒரு இடத்தில் தட்டை மேலும் கீழுமாக மெதுவாக அசைத்து, சத்தம் அடங்கும்வரை திருகைத் திருப்ப வேண்டும். செம்மண்ணில் இரும்புச் சத்து அதிகம். அந்த மண்ணே கொஞ்சம் பதில் சொல்லும். நம் மலையின் சிவப்பு மண்ணிலும் இதே கதைதான். கடற்கரையின் ஈர உப்பு மணலும் சத்தம் கொடுக்கும். ஆகவே இடம் மாறினால் திரும்பவும் பழக்க வேண்டும்.

5. தட்டை நிலத்துக்கு ஓரிரு அங்குலம் மேலே வைத்து இடமும் வலமும் ஆட்டுங்கள். நான் புல்லு வெட்டுவது மாதிரி வீசினேன். இரண்டு முனையிலும் தட்டு மேலே எழும்பியது. "அப்படி இல்ல அக்கா. சுவருக்கு வெள்ளை அடிக்கிற மாதிரி ஒரே மட்டமா இழுங்க" என்றாள். ஒவ்வொரு இழுப்பும் போன இழுப்பில் பாதியை மூடிக்கொண்டு போக வேண்டும். அவசரப்பட்டால் நடுவில் இடம் விடுபட்டுப் போகும்.

6. சத்தம் வந்தால் நின்று, எதிர்ப்பக்கமிருந்தும் இழுத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் அதே இடத்தில் வந்தால் அங்கே பொருள் இருக்கிறது. ஒரு தரம் மட்டும் கரகரத்தால் அநேகமாகப் பொய்ச் சத்தம். பிறகு பக்கவாட்டில் திரும்பி நின்று குறுக்கே இழுங்கள். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில்தான் பொருள் கிடக்கிறது.

7. ஆழத்துக்கும் எல்லை உண்டு. இப்படிப்பட்ட சாதாரணக் கருவி ஒரு நாணயத்தை நாலைந்து அங்குல ஆழத்தில் காட்டினால் நல்லது. பெரிய தகரம், பெட்டி என்றால் இன்னும் ஆழத்தில் இருந்தாலும் காட்டும்.

ஐந்து குழி பரீட்சை

பிறகு எங்களைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, வாசலில் ஐந்து இடத்தில் எதையோ புதைத்து மூடினாள். எதில் என்ன இருக்கிறது என்று நான் சொல்ல வேண்டும்.

முதல் குழியில் கனத்த குரலில் சத்தம் வந்தது. "இரும்பு" என்றேன். தோண்டினால் மூன்று அங்குல ஆணி. சரி. இரண்டாவதில் கீச்சென்று உயர்ந்த குரல். "காசு" என்றேன். பத்து ரூபாய் நாணயம். அதுவும் சரி. எனக்குக் கொஞ்சம் பெருமை வந்துவிட்டது. மூன்றாவதிலும் அதே மாதிரிக் குரல். "இதுவும் காசுதான்." தோண்டினால் சோடாப் போத்தல் மூடி! நாலாவதில் நடுத்தரமான குரல். "குப்பை. ஏதோ ஈயத்தாள்" என்றேன். வந்தது அவளுடைய தங்கத் தோடு.

இந்த இடத்தைக் கவனியுங்கள். சாதாரணக் கருவிகளில் இரும்புக்குத் தாழ்ந்த குரலும் வெள்ளி, செம்புக் காசுகளுக்கு உயர்ந்த குரலும் வரும். ஆனால் சின்னத் தங்க நகையும் அலுமினியக் குப்பையும் ஏறக்குறைய ஒரே குரலில்தான் பேசும். குப்பை வேண்டாம் என்று அந்தக் குரலை அடைத்து வைத்தால் தங்கத்தையும் சேர்த்து அடைத்ததாகிவிடும்.

ஐந்தாவது குழியில் எத்தனை தரம் இழுத்தும் சத்தமில்லை. "இங்க ஒண்ணும் இல்ல" என்றேன். தங்கச்சி கையால் மண்ணை விலக்கி ஒரு குண்டூசியை எடுத்துக் காட்டினாள்.

"இதுக்குத்தான் அக்கா இந்தப் பரீட்சை. நாங்க எடுக்கிற மிதிவெடி சிலதுல பிளாஸ்டிக்தான் முழுக்க. உள்ள இருக்கிற உலோகம் ரொம்பக் கொஞ்சம். இந்த மெஷினை நம்பி 'சத்தம் இல்ல, கால வைக்கலாம்'னு யாராச்சும் நெனச்சா அவ்வளவுதான்."

பெரியவர் அந்தக் குண்டூசியை வாங்கி உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கருவியைக் கண்டுபிடித்தவரே ஏமாந்த கதை

இந்தத் தவறு நமக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. 1881 ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டை ஒருவன் துப்பாக்கியால் சுட்டான். உடம்புக்குள் குண்டு எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. டெலிபோனைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், இதே எதிரொலி முறையில் ஒரு கருவி செய்து கொண்டுபோனார். பரீட்சித்துப் பார்த்தபோது நன்றாக வேலை செய்த கருவி, நோயாளியின் கட்டிலில் குழம்பிவிட்டது. மெத்தைக்குள் இருந்த இரும்புச் சுருள்களும் பதில் சொன்னதுதான் காரணம் என்று சொல்வார்கள். போதாக்குறைக்கு, குண்டு வலப்பக்கம் இருப்பதாக நம்பிய மருத்துவர் அந்தப் பக்கத்தைத்தான் தேட விட்டார். குண்டு இருந்ததோ இடப்பக்கம். செப்டெம்பரில் ஜனாதிபதி இறந்துபோனார். கருவி பொய் சொல்லவில்லை. "இங்கே உலோகம் இருக்கிறது" என்றுதான் சொன்னது. அது எந்த உலோகம் என்று சொல்ல அதற்குத் தெரியாது.

பிறகு இரண்டாம் உலக யுத்தத்தில், போலந்து நாட்டு அதிகாரி யோசெஃப் கொசாட்ஸ்கி என்பவர் ஒரு ஆள் தூக்கிப்போகக்கூடிய மிதிவெடி தேடும் கருவியை உருவாக்கினார். 1942இல் எகிப்தின் எல் அலமைன் போரில் அது பயன்பட்டது. இன்றைய கருவிகள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

மிதிவெடி அகற்றுவோர் செய்வது என்ன?

நம் நாட்டில் 2002 சமாதான காலத்தில் ஹலோ ட்ரஸ்ட், மாக் ஆகிய அமைப்புகள் இந்த வேலையைத் தொடங்கின. பின்னர் டாஷ், ஷார்ப் என்ற உள்நாட்டு அமைப்புகளும் சேர்ந்தன. இராணுவத்தின் மனிதாபிமான மிதிவெடி அகற்றும் பிரிவும் இருக்கிறது. இவற்றையெல்லாம் ஒருங்கிணைப்பது 2010இல் அமைந்த தேசிய மிதிவெடிச் செயற்பாட்டு நிலையம். மிதிவெடித் தடை ஒப்பந்தத்தில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது. 2018 ஜூன் 1 முதல் அது நம் நாட்டுக்கு நடைமுறைக்கு வந்தது. பத்து வருஷத்துக்குள் புதைந்த மிதிவெடிகளை அகற்ற வேண்டும் என்பது அந்த ஒப்பந்தத்தின் விதி.

வேலையில் பெண்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் யுத்தத்தில் புருஷனை இழந்து தனியாகக் குடும்பத்தைத் தாங்குகிறவர்கள்.

அவர்கள் பிடிக்கும் கருவி பெரியவர் கொண்டுவந்த மாதிரி அல்ல. மிகச் சிறிய உலோகத்தையும் பிடிப்பதற்கென்றே செய்தது. அப்படியிருந்தும், வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு நாளும் அளவு தெரிந்த ஒரு சோதனைத் துண்டை வைத்து அது ஒழுங்காகக் கேட்கிறதா என்று பார்ப்பார்கள். முகத்துக்குக் கவசம், மார்புக்குக் கனத்த அங்கி. ஒரு மீட்டர் அளவு அகலமான பாதையைக் குச்சி வைத்து அடையாளம் செய்து, கண்ணால் பார்த்து, கம்பி ஏதும் கட்டியிருக்கிறதா என்று தேடி, பிறகுதான் கருவியை இழுப்பார்கள். சத்தம் வந்த இடத்தை மேலிருந்து குத்தாமல், பக்கவாட்டிலிருந்து மெதுவாக மண்ணை எடுத்துக்கொண்டு போவார்கள். அது ஆணியா, ரவையா, மிதிவெடியா என்று கண்ணால் காணும்வரை மிதிவெடி என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இதுதான் சட்டம். உலோகச் சிதறல் நிறைந்த இடங்களில் கருவி ஓயாமல் கத்தும். அங்கே நீளக் கைப்பிடி வைத்த வாரியால் மண்ணை அடுக்கடுக்காக வாரித்தான் தேடுவார்கள்.

"ஒரு நாள் முழுக்க வேலை செஞ்சு பாய் விரிக்கிற அளவு இடம்தான் முடியும், சில நாள். அதுக்காக யாரும் ஏச மாட்டாங்க. அவசரப்பட்டாத்தான் ஏச்சு" என்றாள் தங்கச்சி. கொழுந்தை நிறுத்துப் பேர் போடும் நமக்கு இது புதிய கணக்குத்தான்.

கிணற்றடியில் கிடந்தது

பாடம் முடிந்ததும் தங்கச்சி பெரியவரைக் கேட்டாள். "ஐயா, வீட்டுக் காணி துப்புரவாக்கினது சரி. கிணத்தடி, பின்வளவு எல்லாம் பாத்தவையோ?"

பெரியவருக்குத் தெரியவில்லை. பின்வளவு பற்றைக் காடாகவே கிடக்கிறதாம். "அப்ப நான் வரமாட்டன் ஐயா. நீங்களும் போகக் கூடாது. கிராம சேவகரிட்டச் சொல்லுவம்" என்றாள். அவர் முகம் வாடிவிட்டது. அம்மாவின் நகை அல்லவா! ஆனாலும் மறுநாள் போய்ச் சொன்னார்.

சில மாதம் கழித்துத் தங்கச்சி போனில் சொன்னாள். உரிய ஆட்கள் வந்து பார்த்திருக்கிறார்கள். கிணற்றிலிருந்து சில அடி தள்ளி, பற்றைக்குள் துருப்பிடித்த ஒரு மோட்டார் குண்டு கிடந்ததாம். எடுத்துப் போய்விட்டார்கள். நகைப் பெட்டி இதுவரை கிடைக்கவில்லை. பெரியவர் இப்போது கிணற்றை இறைத்து வாழைக்கன்று நட்டிருக்கிறாராம்.

மறக்கக் கூடாதவை

1. சத்தம் வந்தால் அங்கே உலோகம் உண்டு. என்ன உலோகம் என்று கருவிக்குத் தெரியாது. சத்தம் வராவிட்டால் "கருவிக்குக் கேட்கவில்லை" என்றுதான் பொருள். ஆபத்து இல்லை என்று பொருள் அல்ல.

2. யுத்தம் நடந்த இடத்தில் சாதாரண டிடெக்டரோடு இறங்கவே கூடாது. உறவினர் வீட்டுக்கு வடக்கே போகும்போது சிவப்புப் பலகை, மண்டையோட்டுப் படம் கண்டால் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். பலகை இல்லாத பற்றைக்குள்ளும் விறகுக்குப் போகாதீர்கள்.

3. சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள், கல்லால் எறியாதீர்கள், நெருப்பு வைக்காதீர்கள். நின்று, வந்த காலடியிலேயே திரும்பி வந்து, மற்றவர்களையும் தடுத்து, கிராம சேவகருக்கோ 119இல் பொலிசுக்கோ சொல்லுங்கள். பழைய இரும்புக்கு விற்கலாம் என்று எடுக்கவே வேண்டாம்.

4. புதையல் ஆசை வேண்டாம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, அனுமதிப் பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டுவது குற்றம். சொந்தக் காணி என்றாலும் தப்ப முடியாது. "மெஷின் வச்சிருக்கேன், பங்கு தாரேன்" என்று லயத்துக்கு வருபவர்களிடம் காசைக் கொடுத்து ஏமாறாதீர்கள். கருவி வாங்கவோ வெளிநாட்டிலிருந்து எடுப்பிக்கவோ நினைத்தால், அதற்கு அனுமதி வேண்டுமா என்று முதலில் விசாரியுங்கள்.

5. மிதிவெடி அகற்றும் வேலைக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் நாலு கேள்வி கேளுங்கள். பயிற்சி எத்தனை நாள்? பயிற்சி முடிந்து பரீட்சை வைப்பார்களா? காப்புறுதி உண்டா? வேலைத் தளத்தில் வைத்திய உதவியாளரும் வாகனமும் இருக்கிறதா? நல்ல அமைப்பு இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்காமல் பதில் சொல்லும்.

பிள்ளைகளோடு பேச

வீட்டில் பிள்ளைகளிடம் இவற்றைக் கேளுங்கள்:

அ) செம்மண்ணில் கருவி ஏன் வீணாகச் சத்தம் போடுகிறது?
ஆ) தங்கத் தோட்டை ஏன் குப்பை என்று நினைத்தேன்?
இ) ஐந்தாவது குழியில் சத்தம் வராதது எதனால்? அந்தக் குழி எதைக் கற்றுத் தருகிறது?
ஈ) பெரியவர் தானே போய்த் தோண்டியிருந்தால் என்ன நடந்திருக்கும்?

பதிலைப் பிள்ளைகளே சொல்லட்டும். முடிந்தால் ஐந்து குழி விளையாட்டை வேறு விதமாக விளையாடிப் பாருங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு, தகரம், தட்டு, காசு, சாவியைக் கரண்டியால் தட்டினால் எது எதுவென்று சத்தத்தை வைத்துச் சொல்ல வேண்டும். நம் காது எத்தனை தரம் பிழைக்கிறது என்று அவர்களே கண்டுகொள்வார்கள்.

அடுத்த பாடத்தில் சந்திப்போம். வணக்கம்.